இரண்டு வயசு ஆகாத பிள்ளையோடு சிங்கப்பூர் தீம் பார்க்: காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகளுக்கு ஒரு வயது பத்து மாதம் நடக்கும்போது காரைக்குடியிலிருந்து கிளம்பி, திருச்சியில் விமானம் ஏறி, சிங்கப்பூரில் நாலு நாள் இருந்து, செந்தோசா தீவில் யூனிவர்சல் ஸ்டுடியோஸ் பார்த்துவிட்டு வந்தோம். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா (பாப்பாவுக்கு அப்பத்தா), பாப்பா என்று நாலு பேர். வந்த நாளிலிருந்து கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, மருந்துக் கடையில் நின்றாலும் சரி, யாராவது ஒருத்தர் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள். ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டால் கேட்கிறவர்களுக்கு இதையே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அந்த வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? வளர்ந்தபிறகு ஞாபகம் இருக்குமா?

இருக்காது. போக ஆசைப்பட்டது நானும் அவரும்தான். பிள்ளை பிறந்ததிலிருந்து பிள்ளையார்பட்டி, குன்றக்குடி தாண்டி எங்கேயும் போகவில்லை. அப்பத்தாவுக்கோ சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில் முருகனைப் பார்க்க வேண்டும் என்று பல வருட ஆசை. பிள்ளைக்காகத்தான் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு போனால், அங்கே அது தரையில் புரண்டு அழும்போது "உனக்காகத்தானே இவ்வளவு செலவு" என்று எரிச்சல் வரும். நாம் போகிறோம், பிள்ளையும் கூட வருகிறது என்று வைத்துக்கொண்டால் அந்த எரிச்சல் பாதியாகக் குறையும்.

எந்த வயசில் போனால் செலவு குறைவு?

நம்ம பக்கத்து ஆட்கள் முதலில் கேட்பது இதைத்தான். நானும் இதைத்தான் முதலில் பார்த்தேன்.

விமானத்தில் இரண்டு வயது முடியாத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போகலாம். இலவசம் இல்லை, குழந்தைக் கட்டணம் உண்டு, ஆனால் தனி இருக்கையைவிடக் குறைவு. ஒன்றைக் கவனியுங்கள்: போகும்போது 23 மாதம், திரும்பும்போது இரண்டு வயது முடிந்துவிட்டது என்றால், திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை வாங்க வேண்டும். தேதி போடும்போதே பிறந்தநாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யூனிவர்சலில் நாலு வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை. நாலிலிருந்து 12 வரை சிறுவர் டிக்கெட். சிங்கப்பூர் விலங்குக்காட்சிசாலையில் மூன்று வயதுக்குக் கீழே இலவசம். அங்கே எம்ஆர்டி ரயிலில் வயதுக்குப் பதில் உயரம் பார்க்கிறார்கள்: 90 சென்டிமீட்டருக்குக் கீழே, டிக்கெட் எடுத்த பெரியவர் கூட வந்தால் காசு இல்லை.

ஆக, காசுக் கணக்கில் இரண்டு வயதுக்குள் போவதுதான் லாபம். உடம்புக் கணக்கில் அதுதான் ஆகக் கஷ்டமான வயது. ஆறு மாதப் பிள்ளை கிடந்த இடத்தில் கிடக்கும். மூன்று வயதுப் பிள்ளையிடம் பேரம் பேசலாம். நடுவில் இருப்பது 11 கிலோ எடையில், நடக்கத் தெரிந்து, சொன்னால் கேட்கத் தெரியாத ஒரு ஜீவன். அதை நாலு மணி நேரம் மடியில் வைத்திருப்பதற்கு என்ன விலை போடுவது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கையில் காசு இருந்தால், ஒன்றரை வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் தனி இருக்கை வாங்குவது வீண் செலவு இல்லை என்பேன்.

பாஸ்போர்ட்டுக்கு என்ன வேண்டும்? எத்தனை நாளாகும்?

நாளைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அதில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா? நம்மில் பாதிப் பேருக்கு இருக்காது. ஆஸ்பத்திரியில் பதிவு செய்யும்போது பெயர் வைத்திருக்க மாட்டோம். அப்பா, அம்மா பெயர் மட்டும் போட்ட சான்றிதழை வாங்கி பீரோவில் வைத்திருப்போம். பிறப்பைப் பதிவு செய்து 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் கட்டி 15 வருடம் வரை சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரமாக பாஸ்போர்ட் அலுவலகம் பிறப்புச் சான்றிதழை மட்டும்தான் ஏற்கிறது. அதனால் இதைச் சரிசெய்யாமல் அடுத்த வேலையைத் தொட முடியாது.

அடுத்தது இனிஷியல். பாஸ்போர்ட்டில் "மு." என்றெல்லாம் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போடுகிறோமா, காலியாக விடுகிறோமா என்பதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டுப் போங்கள். கவுன்ட்டரில் நின்று வீட்டுக்காரரும் மாமனாரும் விவாதிக்கிற காட்சியை நான் பார்த்தேன், எங்கள் வீடு இல்லை, பக்கத்து வரிசை. விமான டிக்கெட்டிலும் விசாவிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் வர வேண்டும்.

சிவகங்கை மாவட்டத்துக்கு மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகம். அப்பா, அம்மா இருவரின் சம்மதத்தையும் காட்டும் அனெக்ஷர் டி படிவம் வேண்டும். நாலு வயதுக்குள் என்றால் வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படத்தை நாமே கொண்டுபோக வேண்டும். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் கன்னத்து மைப்பொட்டைத் துடைத்துவிடுங்கள், திருஷ்டி அப்புறம் கழித்துக்கொள்ளலாம். ஸ்டூடியோக்காரர் பாப்பாவைப் பார்க்கவைக்க சாவிக்கொத்தை ஆட்ட, அவள் வாயைப் பிளந்து சிரிக்க, 14-ஆவது படம்தான் தேறியது. பிள்ளைகளுக்கான பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் செல்லும். அப்பா, அம்மாவுக்குச் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருந்தால் பெரும்பாலும் போலீஸ் விசாரணை இருக்காது.

பிள்ளைக்கும் தனி விசா வேண்டுமா?

வேண்டும். மடியில் உட்கார்ந்து வந்தாலும் சிங்கப்பூர் கணக்கில் அது ஒரு ஆள். அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், ஆளுக்கு 30 சிங்கப்பூர் டாலர், அதற்கு மேல் ஏஜென்ட் கட்டணம். அது தவிர, இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற விவரப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும், பிள்ளைக்கும் சேர்த்து. அது இலவசம். காசு கேட்கிற தளம் எதுவோ அது அரசாங்கத் தளம் இல்லை.

திருச்சியில் ஏறுவதா, மதுரையிலா?

சிங்கப்பூருக்குத் திருச்சிதான் வசதி. தினமும் நேரடி விமானம் உண்டு. இரண்டு ஊரும் நமக்கு ஏறக்குறைய ஒரே தூரம்தான், ஆனால் திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருக்கிறது. திருமயம், புதுக்கோட்டை வழியாகப் போகிற நமக்குத் திருச்சி ஊருக்குள் நுழைகிற வேலையே கிடையாது. 2024-இல் திறந்த புதிய முனையம் பெரிசு, பிள்ளை ஓடியாட இடம் இருக்கிறது. (செட்டிநாட்டிலேயே கானாடுகாத்தான் பக்கம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று இருக்கிறது. ஓடுதளம்தான் இருக்கிறது.)

எங்கள் விமானம் நள்ளிரவு தாண்டிக் கிளம்பியது. பிள்ளை தூங்கிவிடும், நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். தூங்கினாள், காரைக்குடியிலிருந்து விமான நிலையம் வரை காரில். அங்கே இறக்கியதும் விளக்கு வெளிச்சத்தில் முழித்துக்கொண்டு, இரவு 12 மணிக்குத் தள்ளுவண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

இரவு விமானத்தில் இன்னொரு சிக்கல். சிங்கப்பூரில் காலை ஏழு மணிக்கு இறங்குவீர்கள், ஓட்டல் அறை பிற்பகல் மூன்று மணி வாக்கில்தான் தருவார்கள். நடுவில் எட்டு மணி நேரம், தூங்காத பிள்ளை. முன்கூட்டியே அறை தர என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்து, முடிந்தால் கொடுத்துவிடுங்கள். நாங்கள் கொடுக்கவில்லை. ஓட்டல் வரவேற்பறை சோபாவில் அப்பத்தாவும் பேத்தியும் படுத்துக் குறட்டை விட, நானும் அவரும் இரண்டு பக்கமும் காவல் உட்கார்ந்திருந்தோம்.

பாதுகாப்புச் சோதனையில் பால், கஞ்சி எல்லாம் விடுவார்களா?

100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்பது பெரியவர்களுக்கு. பயண நேரத்துக்குத் தேவையான அளவு பிள்ளைக்கான பால், வெந்நீர், குழந்தை உணவு கொண்டுபோகலாம். பைக்கு அடியில் புதைக்காமல் தனியாக எடுத்துக் காட்டுங்கள். நெய், ஊறுகாய், எண்ணெய் ஊற்றிய பொடி இதெல்லாம் பிள்ளைக்கு என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள். கொப்பரைத் தேங்காயைப் பெட்டியிலும் வைக்கக் கூடாது. எண்ணெய்ப்பசையால் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று தடை. பவர் பேங்க் நேர்மாறு, கையில்தான் வர வேண்டும்.

வெள்ளி அரைஞாண், கொலுசு, தாயத்து மூன்றும் சேர்ந்து கருவியைக் கத்தவைக்கும். பயப்பட ஒன்றுமில்லை, கையால் தொட்டுப் பார்த்துவிட்டு அனுப்புவார்கள். கொலுசை மட்டும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். பக்கத்து இருக்கைக்காரரும் தூங்க வேண்டும்.

என்ன சாப்பாடு எடுத்துப்போவது?

எங்களைக் காப்பாற்றியது மூன்று: இட்லி, சத்துமாவு, கும்மாயம். இட்லியை அன்று சாயங்காலம் அவித்து, ஆறவைத்து, ஈரத்துணியில் சுற்றி எடுத்துப்போனேன். சத்துமாவுக்கு விமானத்தில் வெந்நீர் கேட்டால் தருவார்கள், ரொம்பச் சூடாக இருக்கும், ஆற்றிக் கலக்குங்கள். கும்மாயம் அப்பத்தாவின் யோசனை. உளுந்துமாவும் கருப்பட்டியும் நெய்யும் சேர்த்துக் கிண்டியது, வாயில் வைத்தால் கரையும், வயிறும் நிறையும். முதல் நாள் மட்டும்தான் அது தாங்கும்.

தயிர்சாதம் வேண்டாம். கீழே கொட்டினால் அந்த வாசனை நாலு மணி நேரம் உங்களோடு வரும்.

ஒரு எச்சரிக்கை. சொந்தக்காரர்கள் வழியனுப்ப வரும்போது சீப்புச் சீடை, முந்திரி, வேர்க்கடலை உருண்டை என்று பொட்டலம் பொட்டலமாகத் தருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். நாலு வயது வரை கடலை வகையும் கெட்டிப் பலகாரமும் தொண்டையில் அடைக்கிற சாமான், அதுவும் குலுங்குகிற விமானத்தில். மகிழம்பூ முறுக்கை நுணுக்கிப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தேன்.

காது வலிக்கு என்ன செய்வது?

ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் வலி அதிகம். காதுக்கும் தொண்டைக்கும் நடுவில் இருக்கிற குழாய் சின்னப் பிள்ளைகளுக்குக் குறுகலாகவும் படுக்கை வாட்டத்திலும் இருக்கும். வெளியே காற்றழுத்தம் கூடும்போது அந்தக் குழாய் திறக்காவிட்டால் செவிப்பறை உள்ளே இழுபடும். விழுங்கினால் குழாய் திறக்கும். தாய்ப்பாலோ, பாட்டிலோ, ஸ்ட்ரா போட்ட தண்ணீரோ, ஏதாவது ஒன்றை விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். தரை தட்டுவதற்கு அரை மணி நேரம் முன்பே இறக்கம் தொடங்கிவிடும், அப்போதே ஆரம்பியுங்கள்.

நான் செய்த தப்பு: பாப்பா அப்போதுதான் தூங்கியிருந்தாள், எழுப்ப மனசு வரவில்லை. தூக்கத்தில் விழுங்குவது குறைவு. பத்து நிமிடத்தில் காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டு எழுந்தாள். திரும்பும்போது எழுப்பி, மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர் கொடுத்தேன். முணுமுணுத்தாள், அவ்வளவுதான். மூக்கடைப்போ காதுவலியோ இருந்தால் கிளம்புவதற்கு முன் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

தூளியில் தூங்கிப் பழகிய பிள்ளை, விமானத்திலும் ஓட்டலிலும் எப்படித் தூங்கும்?

இதைப் பற்றி வேறு ஊர்க்காரர்கள் யாரும் எழுதுவதில்லை, நம் வீடுகளில் இதுதான் முதல் பிரச்சினை. எங்கள் வீட்டில் பட்டாலையில் உத்திரத்துக் கொக்கியில் தூளி. ஆட்டுகிற கை நின்றால் கண் திறந்துவிடும்.

ஒரு மாதம் முன்பே ஆரம்பித்தோம். முதல் வாரம் தூளியில் தூங்கவைத்துப் பாயில் மாற்றினோம். இரண்டாம் வாரம் பகல் தூக்கம் மட்டும் பாயில். மூன்றாம் வாரம் ராத்திரியும் பாயில். இரண்டு நாள் வீடே தூங்கவில்லை. அப்பத்தா, "ஏத்தா, பச்சப்புள்ளைய ஏன் இந்தப் பாடு படுத்துறே, ஓட்டல்ல கொக்கி இருக்கான்னு போன் போட்டுக் கேளு" என்றார்கள். கேட்கவில்லை. ஓட்டல் திரைச்சீலைக் கம்பியில் தூளி கட்டலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து செய்யாதீர்கள், பிள்ளையோடு கம்பியும் வந்துவிடும். குழந்தைக் கட்டில் வேண்டும் என்று முன்பதிவிலேயே கேட்டால் போட்டுத் தருவார்கள்.

தூளிச் சேலையை மட்டும் துவைக்காமல் எடுத்துப்போனேன். விமானத்தில் அதைப் போர்த்தியதும் முகத்தை அதில் தேய்த்துக்கொண்டு அடங்கினாள். கையில் எடுத்துச் செல்ல வேண்டியது என்று நான் பட்டியல் போட்டால் பாஸ்போர்ட்டுக்கு அடுத்து அந்தப் பழைய சுங்குடிச் சேலைதான்.

அழுதால்? மருந்து கொடுத்துத் தூங்கவைக்கலாமா?

கூடாது. சளி மருந்து கொடுத்தால் தூங்கும் என்று பழகிய கைவைத்தியம் போலச் சொல்வார்கள். சில பிள்ளைகளுக்கு அது எதிர்மாறாக வேலை செய்து துள்ளவைக்கும். மூச்சு மந்தப்படுகிற ஆபத்தும் உண்டு. அழட்டும். திருச்சி–சிங்கப்பூர் விமானத்தில் பிள்ளை தூக்கிக்கொண்டு போகிற குடும்பங்கள் நிறைய. முன் இருக்கையில் ஒரு ஐயா திரும்பிப் பார்த்தார், திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி பாப்பா கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

மாற்றுத்துணி எத்தனை?

பிள்ளைக்கு மூன்று செட், உங்களுக்கு ஒன்று. உங்களுக்கு என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். இருக்கைப்பட்டை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, எழுந்திருக்கவே முடியாத அந்த இருபது நிமிடத்தில், டயப்பர் கைவிட்டது. பாப்பாவுக்கு மாற்ற இருந்தது, எனக்கு இல்லை. என் சுடிதாருக்கு மேல் வீட்டுக்காரரின் துண்டைக் கட்டிக்கொண்டு சிங்கப்பூர் குடிவரவு வரிசையில் நின்றவள் நான்.

ஸ்ட்ரோலர் வேண்டுமா, இடுப்பு போதாதா?

காரைக்குடியில் இடுப்பு போதும். அங்கே ஒரு நாளைக்கு நடக்கிற நடைக்குப் போதாது. மடக்குகிற ஸ்ட்ரோலரை விமான வாசல் வரை தள்ளிக்கொண்டு போய் அங்கே கொடுத்துவிடலாம், பொதுவாக அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது, உங்கள் டிக்கெட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சாங்கி விமான நிலையத்துக்குள் இலவசமாகவே ஸ்ட்ரோலர் கிடைக்கும். பார்க்கில் வாடகைக்கு உண்டு.

அங்கே டாக்சியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாமா?

சாதாரண டாக்சியில் வைத்துக்கொள்ளலாம். செயலியில் கூப்பிடுகிற தனியார் வாடகைக் காரில் கூடாது. 1.35 மீட்டர் உயரம் வராத பிள்ளைக்குக் குழந்தை இருக்கை கட்டாயம், டாக்சிக்கு மட்டும் விலக்கு. குழந்தை இருக்கையோடு வருகிற வண்டியைத் தனியாகப் பதிவு செய்யலாம், கொஞ்சம் கூடக் கேட்பார்கள். நாங்கள் பெரும்பாலும் எம்ஆர்டியில்தான் போனோம். எல்லா நிலையத்திலும் லிஃப்ட் இருக்கிறது. ஹார்பர்ஃப்ரன்ட் நிலையத்தில் இறங்கி, விவோசிட்டி கடை வளாகம் வழியாக வெளியே வந்தால் செந்தோசாவுக்கு மோனோரயில். நடந்து போக போர்டுவாக் என்ற கடலோரப் பாதையும் இருக்கிறது, கட்டணம் இல்லை.

பார்க்கில் இவ்வளவு சின்னப் பிள்ளை ஏறுகிற மாதிரி என்ன இருக்கிறது?

பெரிய ரைடு எதிலும் ஏற முடியாது. டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102 சென்டிமீட்டர் வேண்டும், மம்மிக்கு 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125. பாப்பா 84. ஒவ்வொரு வாசலிலும் அளவுகோல் நிற்கும். அளந்துவிட்டுத்தான் விடுவார்கள், கெஞ்சினால் நடக்காது.

2025-இல் திறந்த மினியன் லேண்டில் பகி பூகி என்ற சுற்று ராட்டினம், லாஸ்ட் வேர்ல்டு பகுதியில் டினோ சோரின் என்ற பறக்கும் ராட்டினம், இவை பெரியவர் துணையோடு சரிப்படும். சரிப்படும் என்று நான் சொல்கிறேன், ராட்டினம் கிளம்பியதும் பாப்பா என் தாலிச் சங்கிலியை இறுக்கிய இறுக்கில் கழுத்தில் கோடு விழுந்துவிட்டது. இரண்டாம் சுற்றில் சிரித்தாள். எல்மோ வேடம் போட்டவர் கைநீட்டிக்கொண்டு வந்தபோது அலறினாள். வேடக்காரர்களிடம் தூரத்திலிருந்து கையாட்டச் சொல்லிப் பழக்குங்கள், பக்கத்தில் கொண்டுபோய்ப் படம் எடுக்க அவசரப்படாதீர்கள்.

அவள் அதிக நேரம் பார்த்தது மைனா. சாப்பாட்டு மேசைகளுக்கு அடியில் கறுப்பாக, நெற்றியில் சின்னக் குடுமியோடு, நம்ம ஊர் மைனா மாதிரியே தத்தித் தத்தி நடக்கும். சிந்திய உருளைக்கிழங்கு வறுவலை ஒன்று கொத்த, இன்னொன்று பிடுங்க, இவள் குந்தி உட்கார்ந்து "தா, தா" என்று இரண்டுக்கும் பஞ்சாயத்துப் பண்ணினாள். இருபது நிமிடம். பின்னால் கோட்டையும் கோபுரமும் பாட்டும் கூத்துமாக இருக்கிறது, இவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. டிக்கெட் விலையை மணியால் வகுத்துப் பார்க்கிற பழக்கம் உள்ள என் வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவரும் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்குத் திரும்புவது?

இது ஒன்றை மட்டும் சரியாகச் செய்தோம் என்று நினைக்கிறேன். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். வீட்டில் பாப்பா ராத்திரி எட்டரைக்குத் தூங்கிக் காலை ஆறரைக்கு எழுவாள், மதியம் ஒரு மணிக்கு ஒரு தூக்கம். அங்கே அது ராத்திரி 11, காலை 9, மதியம் மூன்றரை. நாலே நாளுக்காக இதை மாற்ற வேண்டாம், இந்திய நேரத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். காலையில் அவளோடு சேர்ந்து நாங்களும் நிதானமாக எழுந்தோம். பார்க்கில் பத்தரையிலிருந்து இரண்டரை வரை. மூன்றரைக்கு ஓட்டல் அறையில் திரை இழுத்து, குளிர்சாதனம் போட்டுத் தூக்கம். சாயங்காலம் எழுந்தால் ராத்திரி 11 வரை நேரம் இருக்கிறது.

நாலு மணி நேரத்துக்கு முழு டிக்கெட்டா என்று வயிறு எரியும். எரியட்டும். ஒரு குடும்பம் ராத்திரி வரை இருந்தே தீருவது என்று நின்றது, திரும்பும் மோனோரயிலில் அவர்கள் பிள்ளையும் அழுதது, அம்மாவும் அழுதார்கள்.

வார நாளில் போங்கள். அங்கே பள்ளி விடுமுறை ஜூனிலும் நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் முடியவும். எந்த மாதம் போனாலும் பிற்பகலில் மழை வரலாம். இடி மின்னல் என்றால் வெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள்.

அப்பா, அம்மா பெரிய ரைடில் ஏறவே முடியாதா?

முடியும். ஒருவர் ஏறும்போது இன்னொருவர் பிள்ளையோடு வெளியே இருந்து, பிறகு மறுபடி முழு வரிசை நிற்காமல் மாறிக்கொள்கிற ஏற்பாடு உண்டு. வாசலில் நிற்கிற ஊழியரிடம் வரிசையில் சேர்வதற்கு முன்பே கேளுங்கள். எங்களுக்கு அப்பத்தா இருந்ததால் இரண்டு பேரும் சேர்ந்தே மம்மி ரைடில் ஏறினோம். இறங்கி வந்தால் அப்பத்தாவும் பேத்தியும் எகிப்துச் சிலைக்கு அடியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வயசானவர்களையும் கூட்டிப்போகலாமா?

கட்டாயம். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் போடும்போதே சொல்லிவிட்டால் ஏற்பாடு செய்வார்கள். அப்பத்தா நாற்காலியில், அவர் மடியில் பாப்பா, வரிசை வேகமாக நகர்ந்தது. டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் 1859-இல் நம் நகரத்தார் கட்டியது. அங்கே போய் நின்றதும் அப்பத்தா பேச்சில்லாமல் ஆகிவிட்டார்கள். அவர்கள் காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கு தொட்டுப் போக வேண்டிய ஊர் அது.

போவதற்கு முன் ஒத்திகை ஏதாவது?

கொப்புடையம்மன் கோயில் திருவிழாக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் சுற்றிப் பாருங்கள். கொட்டுச் சத்தம், ராட்டினம், வரிசை, வெயில், பஞ்சுமிட்டாய்க்கான அடம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். அதில் பிள்ளை எத்தனை மணி நேரம் தாங்குகிறதோ, அதே அளவுதான் அங்கேயும். பெரிய ஒத்திகை வேண்டும் என்றால் மதுரை பரவையில் அதிசயம் பார்க் இருக்கிறது, காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடலாம்.

அங்கே காய்ச்சல் வந்தால்?

வழக்கமாகக் கொடுக்கிற பாராசிட்டமால் சிரப்பையும் டாக்டர் சீட்டையும் எடுத்துப்போங்கள். பிள்ளையின் எடையைக் கிளம்பும் முன் பார்த்து எழுதிவையுங்கள், மருந்தளவு எடையைப் பொறுத்தது. ஆம்புலன்சுக்கு 995. கேகே மகளிர் குழந்தைகள் மருத்துவமனையில் 24 மணி நேரமும் பிள்ளைகளுக்கான அவசரப் பிரிவு இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்களுக்குச் செலவு கடுமை, பயணக் காப்பீடு பிள்ளை பெயரிலும் எடுங்கள்.

நகை போட்டுக் கூட்டிப்போகலாமா?

வேண்டாம். கம்மல் இருந்தால் போதும்.

வரும்போது என்ன வாங்கி வருவது?

நீங்கள் யோசிக்க வேண்டாம், பட்டியல் ஊரிலிருந்தே வந்துவிடும். கோடாலித் தைலம், கோடாலித் தைலம், அப்புறம் கோடாலித் தைலம். அங்கே முஸ்தபா கடையில் டஜன் கணக்கில் கிடைக்கும், திரவம் என்பதால் பெரிய பெட்டியில் வையுங்கள். விமானத்தில் பிள்ளைக்கு மூக்கடைத்தால் அதை எடுத்து நெற்றியில் தடவ வேண்டாம், சூடமும் மெந்தாலும் இரண்டு வயதுக்குள் ஆகாது. நான் பன்னிரண்டு பாட்டில் வாங்கினேன். பதினைந்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.